பெரிய எண் மூத்தவளுக்கு

பவிசராவின் கதையைச் சொல்லச் சொன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் நந்தகலியில்தான் தொடங்குவார்கள். அவள் வாழ்க்கையின் லட்சணம் அதிலேயே பாதி தெரிந்துவிடும். நானும் வேறு வழியில்லாமல் அங்கேயே தொடங்குகிறேன்.

ஹர்க்கபகதூர் கட்காவுக்கு இரண்டு பெண்டாட்டிகள். மூத்தவள் நந்தகலி. பல வருஷம் ஆகியும் அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. புருஷன் இன்னொருத்தியைத் தேடுகிறான் என்று தெரிந்ததும் அவள் அழுது புரளவில்லை. தானே கிளம்பி, ஆற்றுக்கு அக்கரையில் நாலு ஊர் அலைந்து பெண் பார்த்தாள். உழைக்கிற கையும் பேசாத வாயுமாக, அப்பன் இல்லாத ஒரு பெண்ணைப் பிடித்து வந்தாள். அதுதான் பவிசரா. “எருமை வாங்கற மாதிரி பல்லைப் புடிச்சுப் பார்த்துத்தான் கூட்டிட்டு வந்தேன்” என்று நந்தகலி பெருமையாகச் சொல்வாள், பவிசராவை எதிரில் வைத்துக்கொண்டே.

மறுவருஷம் பையன் பிறந்தான். பெயர் சூட்டுகிற அன்று புரோகிதர் குழந்தையை மூத்தவள் மடியில் வைத்தார். மடியில் வாங்கியவள் திருப்பித் தரவில்லை. பால் குடிக்க மட்டும் பிள்ளை இளையவளிடம் வரும். அதற்கும் நந்தகலி பக்கத்திலேயே உட்கார்ந்து, போதும் என்று தானே முடிவு செய்து பறித்துக்கொள்வாள். லோகேந்திரா பேச ஆரம்பித்தபோது மூத்தவள் அவனுக்கு அம்மா, பெற்றவள் சின்னம்மா. நந்தகலி அதட்டுகிற அதே குரலில் அவனும் “சின்னம்மா, தண்ணி” என்பான். ஊரில் யாருக்கும் இது தப்பாகப் படவில்லை. எனக்குப் பட்டது. ஆனால் நான் அப்போதுதான் வாக்கப்பட்டு வந்திருந்தேன், என் வாய்க்கு மாமியார் பூட்டுப் போட்டிருந்தாள்.

ஹர்க்கே தீவனத் தழை வெட்ட மரமேறி, கிளையோடு விழுந்து செத்தான். இரண்டு பேர் நெற்றியும் ஒரே நாளில் காலியாயிற்று. அதற்குப் பிறகு கண். புரை விழுவதில் மூத்தவள் இளையவள் என்ற வித்தியாசம் இல்லை, நாலைந்து வருஷத்துக்குள் இரண்டு பேருக்கும் இருட்டிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு குருட்டுச் சக்களத்திகள் என்றால் ஊருக்குக் கேட்கவா வேண்டும். நந்தகலி குரல் வந்த திசையைப் பார்த்துக் கரண்டியை வீசுவாள். பவிசரா ஒரு வார்த்தை பேசிவிட்டு உடனே இரண்டடி தள்ளி நிற்கக் கற்றுக்கொண்டாள். பசங்கள் வேலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

லோகேந்திரா கத்தாருக்குப் போய்ப் பல வருஷம். வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வான். போன் நந்தகலியின் இடுப்புத் துணியில் இருக்கும். அவளே பேசுவாள், அவளே சிரிப்பாள், கடைசியில் “சின்னவளுக்கென்ன, தின்னுட்டு நல்லாத்தான் இருக்கா” என்று சொல்லி வைத்துவிடுவாள். பவிசரா அவன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தபோது மீசைகூட முளைக்கவில்லை. முதல் தடவை விடுமுறைக்கு வந்தவன் அவளுக்கு வெறும் ஆண்குரல்தான். தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், பார்ப்பது என்றால் என் செருப்புச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம், ஒரே கேள்வி.

“தேவகலா, என் பையன் இப்ப எப்படி இருக்கான்?”

“உன் மூக்கு. ஹர்க்கேயோட நெத்தி.”

உடனே தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். அவனுடைய முகத்தில் அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

நான் ஊர் சுகாதார சேவிகை. நகரத்துக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தபோது, ஆள் சேர்க்கவும், பிறகு அந்த ஆட்களைத் தேடிப் பிடித்துக் காட்டவும் என்னைத்தான் வைத்துக்கொண்டார்கள். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். பாதிப் பேருக்கு எங்கள் நாட்டிலேயே செய்த லென்ஸ், மீதிப் பேருக்கு வெளிநாட்டு லென்ஸ். ஒன்றரை மாதம் கழித்தும் ஒரு வருஷம் கழித்தும் வந்து, எது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பார்கள். இப்போதைக்கு ஆளுக்கு ஒரு கண். தசைன் பண்டிகைக்கு மூன்று வாரம் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். அந்தத் தசைனுக்கு லோகேந்திரா வருகிறான் என்று செய்தி வந்திருந்தது. நான் கூப்பிடப் போனபோது பவிசரா ஏற்கெனவே தலை வாரி, வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

முகாமில் ஒரு பையன் பேனா மாதிரி ஒன்றைக் கண்மணியில் தொட்டு அளவெடுத்தான். எந்தப் பவர் லென்ஸ் வேண்டும் என்று அந்த அளவு சொல்லும். அந்த எண்ணை வெள்ளைப் பிளாஸ்திரியில் எழுதி, ஆபரேஷன் செய்யவேண்டிய கண்ணுக்கு மேலே நெற்றியில் ஒட்டி அனுப்புவான். உள்ளே மேஜையில் படுத்ததும், நெற்றியில் உள்ள எண்ணைப் பார்த்து லென்ஸை எடுத்துக் கொடுப்பார்கள். நூற்றுக்கணக்கான பேர், எல்லோரும் கட்கா, எல்லோரும் மகர், பெயரை நம்பினால் குழப்பம் என்று செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், நந்தகலியைத் தெரியாதவர்கள் செய்தது.

அந்த நேரத்தில் நான் கீழே ஓடைக்கரையில், ஒரு கிழவரைக் கூடையில் சுமந்து வருகிறவர்களோடு இருந்தேன். நடந்ததை டீக்கடை தல்பீர் மாமா சொன்னார். பிறகு பவிசராவும் ஆமாம் என்றாள். பட்டாளத்தில் இருந்து வந்தவர் தல்பீர் மாமா, நாலெழுத்து படிப்பார், நாற்பது வம்பு பேசுவார். முகாம் வாசலிலேயே டீ விற்றுக்கொண்டிருந்தார்.

வரிசையில் உட்கார்ந்திருந்த நந்தகலி நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

“தல்பீரு, இதுல என்ன எழுதியிருக்கு, படி.”

“பதிமூணு, அண்ணி.”

“பதிமூணா? பதிமூணாம் நாள் காரியத்துக்கா என்னைக் கூட்டிட்டு வந்தாங்க? இவ நெத்தியில என்ன?”

மனுஷன் அப்போதாவது வாயை மூடிக்கொண்டு டீ ஆற்றியிருக்கலாம்.

“சின்ன அண்ணிக்கு இருபத்துநாலு. லாட்டரியே விழுந்திருக்கு.”

நந்தகலி மறுபடி நெற்றியைத் தடவிப் பார்த்தாளாம். எங்கள் பக்கத்தில் எல்லாமே நெற்றியில்தான் தெரியும். தசைனில் வீட்டுப் பெரியவர்கள் தயிரும் அரிசியும் செம்பொடியும் குழைத்து வைத்து வாழ்த்துகிற டீகாகூட மூத்தவர்களுக்கு முதலில், மூத்தவர்களுக்குப் பெரிதாக. புருஷன் போனபிறகு அந்த நெற்றியில் யாரும் எதையும் ஒட்டியதில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒட்டினார்கள், அதிலும் சாவு எண், அதிலும் சக்களத்தியின் எண்ணில் ஏறக்குறையப் பாதி.

“எனக்கு அரைக் கண்ணு, இவளுக்கு முழுக் கண்ணா? மூத்தவ யாருன்னு அந்தப் பொடியனுக்கு எப்படித் தெரியும். ஏ சின்னவளே, உரி அதை.”

“அக்கா, கையே வெக்கக் கூடாதுன்னு அந்தத் தம்பி சொல்லிச்சு.”

“உன் கை வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பான். வளர்ந்த பையன் வீட்டுக்கு வர்றான். வந்ததும் என்ன சொல்லட்டும்? உன் சின்னம்மா எனக்கு ஒரு கண்ணைக்கூட விட்டுக் குடுக்கலேன்னு சொல்லட்டுமா?”

பவிசரா உரித்தாள். மூத்தவளின் நெற்றியில் இருபத்துநாலை ஒட்டி, டீகா வைக்கிற மாதிரி கட்டைவிரலால் அழுத்தினாள். பதிமூன்றைத் தன் நெற்றியில் வாங்கிக்கொண்டாள். அந்த எண் எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியாது. தல்பீர் மாமாவுக்கும் தெரியாது. “தசைன் முன்னாடியே வந்துடுச்சு” என்று ஒரு ஜோக் அடித்துவிட்டு அவர் டீ ஊற்றப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கட்டுப் பிரித்தார்கள். நந்தகலி தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். ரேகை, நகம், நகத்தடி அழுக்கு எல்லாம் தெரிந்தன. “தெரியுது, தெரியுது” என்று கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கிலிருந்து அரைச்சாண் தூரத்துக்கு அப்பால் உலகமே பனியாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பவிசராவுக்குக் கிட்டவும் பனி, எட்டவும் பனி. வெளிச்சம் தெரிந்தது, நிறம் தெரிந்தது, ஆள் நிற்பது தெரிந்தது. முழு இருட்டுக்கு அது பரவாயில்லை என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். தன் தலையெழுத்துக்கு இவ்வளவுதான் வரும் என்று நினைத்தாளாம்.

தசைன் வந்தது. லோகேந்திராவும் வந்தான், வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசனையுமாக. நந்தகலி அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் மூக்கோடு ஒட்ட இழுத்துக்கொண்டாள்.

“மீசை வெச்சிருக்கான். புருவத்துல ஒரு தழும்பு. எப்படிடா வந்தது? காதோரம் ஒரு வெள்ளை முடி, இந்த வயசுலயா?” என்று ஒவ்வொன்றாக, பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

பவிசராவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. அருகே போனாள், அதுவும் கரைந்தது. பின்னால் நகர்ந்தாள், அப்படியும் சரிப்படவில்லை. டீகா வாங்க அவன் குனிந்தபோது அவள் விரல் நெற்றிக்குப் பதில் கண்ணில் போய் அழுந்தியது. தயிரும் செம்பொடியும் அவன் கண்ணுக்குள்.

“என்ன சின்னம்மா, தெரியற கண்ணையும் கெடுத்துடுவே போலிருக்கே” என்றான் கண்ணைக் கசக்கிக்கொண்டு. எல்லோரும் சிரித்தார்கள். அவன் முகத்தைத் தொட்டுப் பார்க்க அவள் கை நீட்டியதும், “ஏன் தடவுறே, அவன் என்ன ஆட்டுக்குட்டியா?” என்றாள் நந்தகலி. கை திரும்பி வந்துவிட்டது. பண்டிகை முடிந்ததும் அவன் கத்தாருக்குப் போய்விட்டான்.

ஒன்றரை மாதச் சோதனைக்குச் சுப்ரபா டாக்டர் வந்தார். சின்ன வயது, பொறுமைசாலி. சோதனைக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் கேட்க ஒரு கேள்வி வரிசை வைத்திருந்தார்கள். கேள்விகளை நான்தான் வாசித்தேன். அரிசியில் கல் பொறுக்க முடிகிறதா, மேட்டுப் பாதையில் நடக்க முடிகிறதா என்று போகும். அதில் ஒன்று: “நீங்க பேசறதைக் கேட்டு மத்தவங்க முகம் எப்படி மாறுதுன்னு பார்க்கச் சிரமமா இருக்கா?”

“மூஞ்சியே தெரியலையாம்” என்றாள் பவிசரா. “இதுல மாறறது வேற.”

அந்த முகாமிலேயே மோசமான கண்கள் இவர்கள் இரண்டு பேருடையதுதான். இரண்டுமே உள்நாட்டு லென்ஸ். லென்ஸில்தான் கோளாறு என்று எழுதிவிடுகிற நிலைமையில் ஆராய்ச்சிக்காரர்கள் இருந்தார்கள். டாக்டர் பவிசராவின் மூக்கில் ஒரு சோதனைச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். தடிமனான ஒரு வில்லை விழுந்ததும் அவள் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். சுவரில் இருந்த குறிகளைக் கடகடவென்று காட்டினாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“தேவகலா, நீயா இது? உன் குரலைக் கேட்டு இன்னும் கொஞ்சம் அழகா இருப்பேன்னு நெனச்சேன்.”

வாழ்நாளில் அவள் என்னைக் கிண்டல் செய்தது அன்றைக்குத்தான்.

ஒருத்திக்கு வைக்க வேண்டியது மற்றவளுக்குப் போயிருக்கிறது என்று டாக்டர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டார். எப்படி என்று கேட்டதற்குப் பவிசரா தரையைப் பார்த்தாள். நந்தகலி சத்தியம் செய்தாள். டீ கொண்டுவந்த தல்பீர் மாமாதான் போட்டு உடைத்தார்.

“எண்ணு பெருசுன்னா லென்ஸ் பெருசுன்னு அர்த்தமில்லைம்மா” என்றார் டாக்டர். “அவங்கவங்க கண்ணு நீளத்துக்கு ஒரு எண்ணு. அவங்களோடது உங்களுக்கு ஆகாது, உங்களோடது அவங்களுக்கு ஆகாது.”

“எனக்கு என்ன குறைச்சல்? ஊசியில நூல் கோப்பேன், பாக்கறியா?”

டாக்டர் அவளை வாசலுக்குக் கூட்டிப்போனார். “அந்த மலை மேல என்ன தெரியுது, சொல்லுங்க.”

“எந்த மலை?” என்றாள் நந்தகலி.

உள்ளே இருக்கிற லென்ஸ் இந்நேரம் ஒட்டிப்போயிருக்கும், திரும்பத் திறந்தால் இருப்பதும் போகலாம், அதனால் ஆளுக்கொரு கண்ணாடி செய்து அனுப்புகிறேன் என்று டாக்டர் சொன்னார். ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து இந்த இரண்டு கண்களையும் தனியாகப் பிரித்து வைத்தார்கள். அடுத்த முகாம்களில் மணிக்கட்டிலும் பட்டை கட்ட ஆரம்பித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கண்ணாடிகள் பஜாருக்கு வந்தன. நானே வாங்கிப் போய்க் கொடுத்தேன். மூத்தவளுக்கு நடுவில் மெலிந்த, கண்ணைச் சிறிதாக்கிக் காட்டுகிற கண்ணாடி. இளையவளுக்கு, கண்ணையே பெரிதாக்கிக் காட்டுகிற தடித்த கண்ணாடி. பவிசரா அதைப் போட்டுக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க முற்றத்திலேயே சுற்றி வந்தாள். எருமையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், நந்தகலியைப் பார்த்து “இவ்வளவு கிழவியாயிட்டாளா இவ” என்று என்னிடம் கிசுகிசுத்தாள். சாயங்காலத்துக்குள் மூத்தவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

“என்னோடது சிட்டுக்குருவி மாதிரி இருக்கு. உன்னோடதுல நல்ல கனம். இங்க குடு.”

பிடுங்கி மாட்டிக்கொண்டு நேராகப் போய் எருமை மேல் இடித்தாள். அவளுக்கு அதில் ஒரு மண்ணும் தெரியவில்லை. ஆனாலும் திருப்பித் தரவில்லை, தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தன் கண்ணாடியையும் போடவில்லை, விதவைக்கு எதுக்கு வாத்தியார் வேஷம் என்றாள். நான் போய்க் கத்தினேன். “உன் ஊசியை நீ வேற வீட்டுல போய்க் குத்து” என்றாள். வேறு கண்ணாடி செய்து தருகிறேன் என்று பவிசராவிடம் சொன்னேன். “எத்தனை செஞ்சாலும் அந்தப் பொட்டிக்குத்தான் போகும்” என்றாள். அதுவும் உண்மைதான்.

இதற்குள் தல்பீர் மாமாவின் வாய் கத்தார் வரைக்கும் எட்டிவிட்டது. அவர் தங்கை மகன் லோகேந்திராவின் அறையில் இருக்கிறவன். அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தபோது லோகேந்திராவின் குரல் வேறாக இருந்தது.

“அம்மா, சின்னம்மா நெத்தியிலேருந்து நீ பிச்சு எடுத்தியா?”

“யாருடா சொன்னா?”

“எடுத்தியா இல்லியா? அவளுக்குக் கண்ணு போனதே அதனாலதானாமே. போனை சின்னம்மாகிட்ட குடு.”

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் போன் பவிசரா கைக்கு வந்தது. “சின்னம்மா, அடுத்த தசைனுக்கு நான் ஒரேயடியா வந்துடுவேன். உன்னை நகரத்துக்குக் கூட்டிட்டுப் போய் நல்ல டாக்டர்கிட்ட காட்டறேன்” என்றானாம். மறுநாள் குழாயடியில் அந்த இரண்டு வாக்கியத்தையும் மறுபடி மறுபடி என்னிடம் சொன்னாள். குடம் நிரம்பி வழிந்ததைக் கவனிக்கவில்லை.

நந்தகலி அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தாள். அவளிடம் இருந்ததும் அந்தப் பையன் ஒருவன்தானே. ஆனால் பயந்த நந்தகலி சும்மா இருக்கிற நந்தகலியைவிட மோசம். ஒருநாள் பெட்டிச் சாவியை எடுத்துப் பவிசராவின் முகத்துக்கு முன்னால் ஆட்டினாள்.

“வெள்ளிக்கிழமை அவன் பேசும்போது, நான்தான் பிளாஸ்திரியை மாத்தினேன்னு உன் வாயால சொல்லு. அக்காவுக்கு நல்ல கண்ணு கிடைக்கக் கூடாதுன்னு பண்ணினேன்னு சொல்லு. சொன்னா கண்ணாடி உன்னுது, அப்புறம் தொடவே மாட்டேன். இல்லேன்னா அவன் வர்ற அன்னிக்கு அதைக் கல்லுல வெச்சு நசுக்குவேன்.”

பவிசரா என்னிடம் யோசனை கேட்டாள். “செய்யாதே” என்றேன். “பெத்த பிள்ளை இப்பதான் உன் பக்கம் திரும்பியிருக்கான். அதைக் கெடுத்துக்காதே.”

“பக்கம் திரும்பி என்ன, மூஞ்சி தெரியணுமே. அவன் குரலைத்தான் இத்தனை வருஷமாக் கேட்டுட்டிருக்கேன்.”

“அவன்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேங்கறானே.”

“போறதுக்குள்ள இவ என்னென்ன பண்ணுவாளோ. பொய்தானே? ரெண்டு நாள் கோவிச்சுப்பான். கிட்ட வந்தா நான் பார்த்துப்பேன்.” பிறகு ரொம்ப மெதுவாக, “ஒரு தரம் பார்த்துட்டாப் போதும், தேவகலா” என்றாள்.

குருடி கண்ணைக் கேட்டாள் என்று அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள். நந்தகலி பக்கத்தில் உட்கார்ந்து, வார்த்தை வார்த்தையாக முழங்கையால் இடித்துச் சொல்லவைத்தாள். “அம்மாகிட்ட குடு” என்றான் அவன். அவ்வளவுதான். அன்றைக்கே பெட்டி திறந்தது. நந்தகலி அந்த ஒரு விஷயத்தில் வாக்குத் தவறவில்லை, பிறகு அந்தக் கண்ணாடியைத் தொடவே இல்லை.

அடுத்த தசைன் வரைக்கும் பவிசரா அந்தக் கண்ணாடியோடு திரிந்தாள். ஒரு பக்கம் நூல் கட்டிக் காதில் மாட்டியிருப்பாள். மூக்கில் சற்று இறக்கினால் கிட்ட இருப்பதும் தெரியும் என்று தானே கண்டுபிடித்திருந்தாள். கல் பொறுக்கினாள், களை எடுத்தாள், வீட்டை மெழுகினாள். வெள்ளிக்கிழமைகளில் போன் வந்தது. அவளைக் கூப்பிடவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கு, வரட்டும், என்றாள்.

அவன் வருகிற அன்று நான் அவர்களுக்குப் பக்கத்து வீட்டில், பண்டிகைப் பலகாரமான சேல் ரொட்டி சுடுவதற்கு மாவு கடன் வாங்கப் போயிருந்தேன். அவர்கள் முற்றத்திலிருந்து பவிசராவின் குரல் கேட்டு வேலியோரம் போனேன்.

“வர்றான்.”

“எங்க?” என்றாள் நந்தகலி.

“தேவ்ராலிக் கணவாய்க்குக் கீழே. நீலச் சட்டை. தோள்ல பை. இப்ப ஆலமரத்துக்கிட்ட.”

நந்தகலி கண்ணைச் சுருக்கிக் காற்றைப் பார்த்தாள். அவளுக்கு மலையே இல்லை. மகன் அந்தப் பாதையில் இறங்கி வருகிற வரைக்கும், அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பவிசரா ஒருத்திதான். அவள் வாழ்க்கையில் மூத்தவளுக்கு முன்னால் அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். சிரித்துக்கொண்டே நின்றாள்.

வேலியைத் தாண்டி வந்ததும் அவனுக்கு முகம் வந்தது. என் மூக்குதான் என்று அவள் உதடு அசைந்தது எனக்கே தெரிந்தது. அவன் அவளைத் தாண்டிப் போய் நந்தகலியின் காலில் நெற்றியை வைத்தான்.

டீகா வைக்கும் நேரம் வந்தது. முதலில் மூத்தவளிடம் வாங்கிக்கொண்டான். அவள் அரைச்சாண் தூரத்தில் அவன் முகத்தை வைத்துக் கொஞ்சினாள், அவனும் கொஞ்சவிட்டான். பிறகு ஊர் பார்க்கிறதே என்று பவிசராவின் முன்னால் வந்து உட்கார்ந்தான். அவள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டாள். அந்தத் தடித்த கண்ணாடி எதையும் பெரிதாக்கிக் காட்டும். இத்தனை வருஷம் கேட்ட முகம் ஒரு கை தூரத்தில், தட்டு அளவுக்குப் பெரிதாக, மயிர்க்கால் விடாமல் தெரிந்தது. தாடை இறுகியிருந்தது. கண் அவள் மேல் இல்லை. ஒரே ஒரு தடவை திரும்பியது. அதில் இருந்ததைப் பக்கத்தில் நின்ற நானே பார்த்தேன். செத்த எலியைத் தூக்கிப் போடுகிறவன்கூட அதை இன்னும் கொஞ்சம் இரக்கமாகப் பார்ப்பான்.

அவள் விரல் இந்தத் தடவை தப்பவில்லை. நடு நெற்றியில் வைத்து, காதில் பண்டிகைக்கென்று வளர்த்த முளைப்பயிர் செருகி, நீண்ட ஆயுசோடு இரு என்று வாழ்த்தினாள். அவன் எழுந்து முற்றத்தைக் கடந்து போனான். வேலியோரம் போனதும், சட்டைக்கையால் அவள் வைத்த டீகாவைத் துடைத்தான். நந்தகலிக்கு அது தெரியவில்லை. பவிசராவுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவள் அவனிடம் போய், “நான் போன்ல சொன்னது பொய்டா” என்றாள்.

“உன் வாயாலதானே சொன்னே. இப்ப அம்மாவைக் கெட்டவளாக்கணுமா?” என்றான். “அவ சாப்பிடற சோத்துல நீ கை வெக்கறது எனக்கு வேணாம். எருமைக் கொட்டகை மாடியில தனியா அடுப்பு வெச்சுக்கோ.”

நான் விடவில்லை. அவனைப் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சாவியை ஆட்டியதையும் சொன்னேன். “அத்தை, தல்பீர் மாமா தமாஷ் பேர்வழி. உங்களுக்கு அம்மாவைக் கண்டா ஆகாது, அது ஊருக்கே தெரியும்” என்றான். “சின்னம்மா சொன்னதை நான் என் காதால கேட்டேன். மாசக்கணக்கா அதை நெனச்சுட்டே அங்க வேலை செஞ்சிருக்கேன்.” மறுநாள் பவிசரா தன் பாத்திரத்தைத் தானே தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

ஒரு வருஷச் சோதனைக்குச் சுப்ரபா டாக்டர் தசைன் முடிந்து வந்தார். கணக்கில் சேராத கண்களானாலும் பார்க்காமல் போக அவருக்கு மனசில்லை. கண்ணாடியோடு பவிசரா கடைசி வரிக்கு முந்தின வரிவரை படித்துக் காட்டினாள், எழுத்துத் தெரியாதவர்களுக்கான அந்தக் குறிகளைத்தான். டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நான் பழையபடி கேள்விகளை வாசித்தேன். கல் பொறுக்க முடிகிறது. மேட்டில் நடக்க முடிகிறது. அடுத்த கேள்வி வந்ததும் நான் தாளை மடியில் இறக்கினேன். நான் நிறுத்திவிட்டதைப் பார்த்து டாக்டரே கேட்டார்.

“நீங்க பேசறதைக் கேட்டு மத்தவங்க முகம் எப்படி மாறுதுன்னு பார்க்கச் சிரமமா இருக்கா, அம்மா?”

பவிசரா கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டாள்.

“இல்லேம்மா. ஒரு சிரமமும் இல்லே. எல்லாம் தெளிவாத் தெரியுது.”

மிகவும் நன்று என்று டாக்டர் குறித்துக்கொண்டார்.